மழை மறைவில்

பாலையைப் பாடிப் பேர் வாங்கியவர் ஒரு சேர அரசர். பெருங்கடுங்கோ என்ற பெயருக்கு முன்னால் 'பாலை பாடிய' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டாகிறது. சேரம் என்றதும் மிளகுக்கொடியும் யானைக்கூட்டமும் மாதக்கணக்கில் விடாத மழையும்தான் நினைவுக்கு வரும். அந்த மண்ணின் அரசருக்கு வெந்த காட்டையும் வற்றிய சுனையையும் பாட எங்கிருந்து வாய்த்தது என்று தமிழ்ப் பாடத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பூகோள வாத்தியார் பதில் சொல்லியிருப்பார்.

கரூருக்குப் பக்கத்தில், புகலூரில், ஆறுநாட்டார்மலை என்றொரு குன்று இருக்கிறது. அதன் பாறையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. சமணத் துறவி ஒருவருக்குக் கல்லில் உறைவிடம் வெட்டிக் கொடுத்த செய்தியோடு மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களைச் சொல்கிறது. நடுவில் வருபவர் பெருங்கடுங்கோன். பாலை பாடியவர் இவரே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மழையை அந்தப் பக்கத்திலேயே இறக்கிக்கொண்டு, கரூர்ப் பக்கத்துக்கு வெறும் காற்றை அனுப்பிவைக்கிறது. மழை மறைவுப் பிரதேசம் என்பார்கள். மலைக்காரர் பாலையைப் பாடியதில் வியப்பு எதுவும் இல்லை. பாலையை உண்டாக்குவதே மலைதான்.

இதை நான் எழுதுவது திகனயிலிருந்து. கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் கிழக்கே பதினாறு கிலோமீட்டர் அளவு. பாலையைப் பற்றி எழுத இதைவிடப் பொருந்தாத ஊர் கிடையாது என்று வெளியூர்க்காரர் சிரிக்கலாம். ஒரு பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம், எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர், நடுவில் தென்னையும் மிளகும் மாவும். இலங்கையில் பாலைவனமும் கிடையாது. ஆனால் இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: ஜூன், ஜூலையில் கண்டி டவுனில் குடையோடு பஸ் ஏறி, பல்லேகல தாண்டும்போது குடையை மடக்கி, திகனயில் இறங்கும்போது கண்ணைச் சுருக்குவோம். மத்திய மலைகள் மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுக்கின்றன. மார்கழிக் காற்றின் பெரும்பங்கை நக்கிள்ஸ் வாங்கிக்கொள்கிறது. இடையில் கிடக்கும் தும்பறைப் பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் நல்ல மழையைப் பார்த்துக்கொண்டே காய்கிறது. ஆவணிவாக்கில் மலைச்சரிவின் மானாப்புல் எரியும். இரவில் பார்த்தால் மலைக்கு யாரோ சரட்டுமாலை கட்டியதுபோல் ஒரு தீக்கோடு.

தொல்காப்பியர் முல்லைக்கும் குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் நிலமும் தெய்வமும் சொன்னவர், பாலைக்குத் தனியாக ஒரு நிலத்தைச் சொல்லாமல் விட்டார். நண்பகல், வேனில் போன்ற பொழுதுகளை மட்டும் கொடுத்தார். இளங்கோவடிகள், மதுரைக்குப் போகும் வழி சொல்லும் ஒரு மறையவன் வாயிலாக, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது எடுக்கும் வடிவம்தான் பாலை என்று விளக்கினார். இதை வெறும் இலக்கண நுட்பம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. பாலை எங்கேயும் தயாராகக் கிடப்பதில்லை, ஆகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். எந்த நிலமும் ஆகலாம். அந்த வழியில் நடந்த கண்ணகி இன்று கண்டியில் பத்தினித் தெய்வமாகத் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே தேவாலயம் கொண்டிருக்கிறாள். எசல பெரஹராவில் அவளுக்கும் ஒரு ஊர்வலம் உண்டு. மழை பொய்த்தால், கொள்ளைநோய் வந்தால், சிங்களக் கிராமங்கள் அவளுக்குத்தான் சடங்கு எடுக்கும். பாலையில் கால் வெந்தவளிடம் மழை கேட்பது எவ்வளவு சரியான முடிவு!

காய்ந்த நிலம் மனிதர் கையில் எதைக் கொடுக்கிறது என்று பார்க்க, திகனயிலிருந்து கொஞ்ச தூரம் போனால் போதும். ஹேனவல என்ற சிற்றூர். தும்பறைப் பாய் என்று நாடறிந்த, சிங்களத்தில் 'தும்பர ரட்டா கலால' எனப்படும் நெசவு அங்கேதான் உயிரோடிருக்கிறது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தபின் வேன்களில் ஆட்கள் வருகிறார்கள். படம் பிடிக்கிறார்கள். பாய் வாங்குகிறவர்கள் குறைவு, பணப்பை வாங்குகிறவர்கள் அதிகம்.

பாய் என்றால் கோரையோ பன்னோ என்று நினைக்க வேண்டாம். அதற்கெல்லாம் ஈர நிலம் வேண்டும். இது நாரில் நெய்வது. ஒரு காலத்தில் நியந்த என்ற செடியின் நார். இப்போது பெரும்பாலும் ஹண என்கிற, கற்றாழை மாதிரி தடித்த இலையுள்ள செடியின் நார். இலையைக் கட்டையில் கிடத்தி, ஒரு நுனியைக் காலால் அழுத்திக்கொண்டு, கூர்சீவிய மரத்தகட்டால் மேலிருந்து கீழே சுரண்டுகிறார்கள். முதல் இழுப்பில் பச்சைத் தோல் கிழிகிறது. இரண்டாவதில் நீர் வழிகிறது, கையில் பட்டால் அரிக்கும். நாலைந்து இழுப்பு முடிந்ததும் கட்டையின் கீழே பச்சைக் கூழ் ஒரு குவியல், கட்டையின் மேலே வெள்ளை நார் ஒரு பிடி. ஓர் இலைக்கு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். வெயிலில் காயவைத்து, சீவி, சாயம் போடுகிறார்கள். பத்தங்கிக் கட்டையை அவித்தால் சிவப்பு, மரமஞ்சளில் மஞ்சள். தறி தரையோடு தரையாக இருக்கிறது. நெய்கிறவர் காலை நீட்டி நிலத்தில் உட்கார்ந்து, கூர்க்குச்சியால் பாவு இழைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணி, மானையும் யானையையும் பாம்பையும் பறவையையும் கோணங்களாலேயே வரைகிறார். நேர்க்கோட்டுக்குள் அடங்காத எதையும் இந்த நார் ஏற்காது. மானின் வயிறு ஒரு சதுரம், கொம்பு நாலு படிக்கட்டு. ஆனாலும் மான்தான், பார்த்ததும் தெரியும்.

நியந்த என்பது நம்முடைய மரல். மருள் என்றும் சொல்வார்கள். வில்லுக்கு நாண் முறுக்கிய நார்ச்செடி. தண்ணீரைத் தன் தடித்த இலைக்குள் பூட்டிவைத்துக்கொண்டு வெயிலைச் சமாளிக்கிற இனம். கலித்தொகையின் பாலைப் பகுதியில், மழை பொய்த்த காட்டில் மரையா என்ற மான் இந்த மரலைக் கவ்வித் தின்கிற காட்சி வருகிறது. அந்தப் பகுதியைப் பாடியவர் நாம் தொடக்கத்தில் பார்த்த அதே பெருங்கடுங்கோ. பாலைப் பாட்டில் விலங்கு எந்தச் செடியைத் தின்று உயிர் பிழைத்ததோ, அந்தச் செடியின் நாரில்தான் ஹேனவலக்காரர் அந்த விலங்கையே நெய்து வைத்தார்கள். அவர்கள் கலித்தொகை படித்தவர்களில்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரே மாதிரி நிலம் ஒரே மாதிரி செடியைத் தருகிறது, மிச்சத்தைக் கண்ணும் கையும் பார்த்துக்கொள்கின்றன.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரும் நூலில் இந்த நெசவுக்காரர்களைப் பதிவு செய்தார். அவர் இலங்கைக்கு வந்தது கலையைப் பார்க்க அல்ல, கனிமங்களைப் பார்க்க. கனிமவள அளவாய்வுத் திணைக்களத்தின் முதல் இயக்குநர் அவர். பாறையையும் மண்ணையும் தேடி ஊர் ஊராக நடந்தபோதுதான் கைவினைஞர் வீடுகள் கண்ணில் பட்டன. நிலத்தை முதலில் படித்துவிட்டுக் கலைக்குப் போன அந்த வரிசை நமக்குத் தேவையானது. இன்று கலை விமர்சகர்கள் நேரே காட்சிக்கூடத்துக்குள் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாய் நெய்தவர்கள் கின்னர சாதியார். கண்டி அரசில் கடைசிப் படிகளில் வைக்கப்பட்டவர்கள். நல்ல வயல் அவர்களுக்கு எதற்கு என்று நினைத்த சமூகம்தான் வறண்ட மேட்டில் முளைக்கும் செடியை அவர்களுக்கு விட்டது. நிலம் கலையை உருவாக்குகிறது என்று பேசும்போது, யாருக்கு எந்த நிலம் என்று முடிவு செய்தவர்களை மறந்துவிடுவது சுலபம்.

ஹேனவலயைப் பார்த்த கையோடு தெகல்தொருவ விகாரைக்கும் போக வேண்டும். அதுவும் குண்டசாலைப் பக்கம்தான். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், பாறையைக் குடைந்து கட்டிய குகைக் கோயில். அந்த அரசர் மதுரை நாயக்கர் வழியில் வந்தவர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டலாம். தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்ற துறவி சுவரில் வெஸ்ஸந்தர ஜாதகத்தையும் சுதசோம ஜாதகத்தையும் விதானத்தில் மாரனின் போரையும் வரைந்தார். சிவந்த பின்னணியில் மனிதர், யானை, மரம். கண்டிப் பாணி ஓவியனுக்கு வெற்றிடம் பிடிக்காது. இரண்டு ஆட்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி கிடைத்தாலும் அதில் ஒரு பூவை மிதக்க விட்டுவிடுவான். தண்ணீர் நிற்கும் வயலும் அரசரின் மானியமும் உள்ளவனின் கலை அது. சுவரோடு ஒட்டியது, இடம்பெயராது. தும்பறைப் பாயிலோ பெரும்பகுதி வெறும் நார்நிறம். நடுவில் ஒரு பட்டை, ஓரங்களில் இரண்டு பட்டை, அவ்வளவுதான் உருவங்கள். மிச்சமெல்லாம் வெளி. நெய்து முடிந்ததும் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

சுருட்டித் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். உலகத்தின் வறண்ட நிலங்களில் பிறந்த கலைகளைப் பார்த்தால் இந்தக் குணம் கூடவே வருகிறது. அரேபியாவின் பெதுவின் பெண்கள் ஆட்டுரோமத்தையும் ஒட்டகரோமத்தையும் நூற்று, நிலத்தில் முளையடித்த தறியில் ஸது என்ற நெசவை நெய்கிறார்கள். கூடாரத்தின் தடுப்பும் அதுதான், ஒட்டகத்தின் மேல்விரிப்பும் அதுதான். அதிலும் முக்கோணங்களும் பட்டைகளும்தான். தார் பாலைவனத்து மாங்கணியார்கள் கமைச்சாவைத் தோளில் மாட்டிக்கொண்டு புரவலர் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள். நாளைக்கு இந்தக் கிணறு வற்றிவிடும் என்று தெரிந்தவன் சுவரில் எதையும் வரைவதில்லை.

மலையகத் தமிழர் இந்த மலைகளுக்கு வந்தபோது கொண்டுவந்த கலையும் இந்தச் சாதிதான். புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று அவர்கள் புறப்பட்ட இடங்களை வரைபடத்தில் தொட்டுப் பாருங்கள். மழையை நம்ப முடியாத கண்மாய்ப் பூமிகள் அதிகம். 1876 முதல் 1878 வரையான தாது வருசப் பஞ்சத்துக்கு முன்பே தொடங்கிய நடை அது. கடலைத் தாண்டி தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் பறிப்புக்கு வந்து, பறிப்பு முடிந்ததும் அதே வழியில் திரும்பி நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, கிடைத்த தண்ணீரில் வாந்திபேதி. ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். பொருள் தேடிச் சுரம் கடப்பது என்று அகப்பாட்டு சொல்கிற காரியம், 19ஆம் நூற்றாண்டில், பிரித்தானியக் கம்பெனிக் கணக்கில், கங்காணியின் துண்டுச் சீட்டோடு நடந்தேறியது. 2023இல், இருநூறாண்டு நினைவாக, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பாதையை மறுபடி நடந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்தார்கள். பழைய நடைக்கு அந்தக் கொடுப்பினை இருந்ததாகத் தெரியவில்லை.

வந்தவர்களில் ஒரு பகுதி தும்பறைக்கும் வந்தது. 1837இல் இலங்கைக்கு வந்த ரொபர்ட் பொய்ட் டைட்லர் மேற்கிந்தியத் தீவுகளில் கற்ற கோப்பிப் பயிர்முறையை ரஜவெல்லப் பக்கம் நடைமுறைப்படுத்தினார். 1869இல் கோப்பி இலைநோய் வந்து எல்லாம் போனபின் தும்பறையில் கொக்கோ நட்டார்கள். தேயிலை கேட்கும் அளவு மழை பள்ளத்தாக்கில் இல்லை. தேயிலை மேலே, ரங்கலைப் பக்கம் ஏறிக்கொண்டது. ரஜவெல்லயில் இன்று கோல்ஃப் மைதானம்.

இந்த மக்கள் கொண்டுவந்ததில் எனக்கு மிகப் பிடித்தது தப்பு. ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ இழுத்துக் கட்டிய அந்த வாத்தியம் உலர்காற்றுக்குப் பிறந்தது. புதுக்கோட்டை வெயிலில் தோல் தானாகவே விறைத்து நிற்கும். மலைப்பனியில் அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் தொய்ந்து, அடித்தால் 'தொப்' என்கும். அதனால் தோட்டத்தில் தப்படிப்பவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தீ உண்டு. காய்ந்த இலையும் கடதாசியும் வைக்கோலும் போட்டு எரிய விட்டு, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, கட்டைவிரலால் தட்டிப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம். மறுபடி தட்டிப் பார்ப்பார். தோல் இறுகி மணி மாதிரி ஒரு சத்தம் வந்ததும் ஆள் எழுந்துவிடுவார். பத்து நிமிட ஆட்டம், மறுபடி தீ. மழைக் காலத்துச் சாவு வீடுகளில் விறகு நனைந்து தீ பிடிக்காமல் தப்புக்காரர் படும் பாடு தனி. ஊரின் வெயிலை ஒவ்வொரு முறையும் செயற்கையாக உண்டாக்கிக்கொண்டுதான் இந்தக் கலை இரண்டு நூற்றாண்டு பிழைத்திருக்கிறது.

காமன் கூத்தும் அப்படித்தான். மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றி, பௌர்ணமியில் எரிப்பார்கள். சிவன் கண் திறக்க மன்மதன் சாம்பலாகிறான், ரதி அழுகிறாள். விடியவிடிய அவளுடைய ஒப்பாரிதான் கூத்தின் உயிர். பெண் வேஷம் போட்ட ஆண் அழ, கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். எரிதலும் பிரிதலும்: பாலைக்கு வேறென்ன வேண்டும்? இது நடக்கும் இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். ஒரு சாண் மண்ணையும் விடாமல் பயிர் வைத்த தோட்டத்தில், மலையை வெட்டிச் சமப்படுத்திய அந்தத் துண்டு நிலம் மட்டும் வெறுமையாகக் கிடக்கும். துரைமாரும் அதைத் தொடுவதில்லை. பச்சைக்கு நடுவே தங்களுக்கென்று ஒரு வறண்ட துண்டை இந்த மக்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இவர்களில் பல இலட்சம் பேர் திரும்பவும் கோச்சி ஏறி, கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்து வாசலில் பாஸ்போர்ட்டுக்காக நின்ற வரிசைகளைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிரில் பிறந்த பிள்ளைகள், பாட்டன் பஞ்சத்துக்குப் பயந்து விட்டோடிய அதே பொட்டலில் போய் நின்றன.

இருபது வருடம் போகவில்லை, சிங்களக் கிராமங்களுக்கும் இதே கதை வந்தது. மகாவலியை மறித்து 122 மீட்டர் உயர விக்டோரியா அணைக்கட்டு எழுந்தது. பிரித்தானியப் பணம். 1985 ஏப்ரலில் மார்கரட் தாட்சர் வந்திருக்க, ஜே. ஆர். ஜயவர்தன திறந்து வைத்தார். பழைய தெல்தெனிய நகரமும் தும்பறையின் நல்ல வயல்களும் தண்ணீருக்குள் போயின. அந்தத் தண்ணீர் யாருக்கு? கீழே, வறண்ட வலயத்துக்கு. அந்தத் தண்ணீரோடு வயல் இழந்த குடும்பங்களையும் அனுப்பினார்கள், கிராந்துருகோட்டைப் பக்கத்துப் புதுக் குடியேற்றங்களுக்கு. தமிழர் வறட்சியிலிருந்து மலைக்கு நடந்தார்கள் என்றால், இவர்கள் மலையிலிருந்து லொறி ஏறி வறட்சிக்குப் போனார்கள். கடும் வறட்சி வருடங்களில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய ஊரின் சுவர்களும் படிக்கட்டுகளும் சேற்றோடு வெளியே வரும். குடியேற்றத்திலிருந்து வந்து தங்கள் வீட்டு அடித்தளத்தைத் தேடி நடக்கிறவர்களை அப்போது காணலாம். சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் அந்தச் சில வாரங்களில் தெல்தெனிய அசல் பாலைதான்.

ஒரு நிலம் பாலையாக, வெயிலையும் அணையையும் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. 2018 மார்ச் 5ஆம் திகதி, மாசிப் பௌர்ணமி கழிந்து நாலைந்து நாளில், திகன டவுனில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் இறந்தார். அன்றே ஊரடங்கு, அடுத்த நாள் அவசரகாலச் சட்டம், பிறகு பேஸ்புக் தடை. ஊரெல்லாம் பச்சைதான், நீர்த்தேக்கம் கூப்பிடு தூரம். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிவதற்கு வேனில்தான் வேண்டும் என்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டோம். அதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நான் இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை.

நிஜமான பாலைவனம் திகனக்கு வந்தது கசட்டில். அணை திறந்த அதே 1985இல்தான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் சட்டமாயிற்று. தும்பறையின் சிங்கள, முஸ்லிம், தமிழ் வீடுகளிலிருந்து பெண்கள் குவைத்துக்கும் சவூதியின் ரியாதுக்கும் ஜித்தாவுக்கும் போனார்கள். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் சொல்வது ஆணின் பிரிவை. வீட்டிலிருந்து சுவரில் கோடு போட்டு நாள் எண்ணுகிறவள் பெண். இங்கே தலைகீழ். தலைவி ஏஜென்சிக்காரனிடம் மெடிக்கல் எடுத்து, கட்டுநாயக்கவில் ஃபிளைட் ஏறினாள். தலைவன் லயத்து வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தபால்காரனைப் பார்த்தான். சிலர் குடித்தார்கள், அதுவும் உண்டு. அகத்திணையைப் பாடம் சொல்கிறவர்கள் இந்தத் திருப்பத்தை இன்னும் வகுப்புக்குள் கொண்டுவரவில்லை.

எங்கள் லயத்தின் கோடிக் காம்பிராவில் இருந்த அக்கா ஒருத்தி குவைத்துக்குப் போயிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் கசட்டில் பேசி, யாராவது ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். டேப்ரெக்கோர்டர் எங்கள் வீட்டில் இருந்ததால் எங்கள் வீட்டில்தான் எல்லாரும் கூடிக் கேட்பார்கள். முதலில் எல்லாருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லிச் சுகம் விசாரிப்பார். பின்னால் ஃபிரிட்ஜ் உறுமும், அந்த வீட்டுக் குழந்தை அழும், அரபியில் யாரோ கத்துவார்கள், 'க்ளிக்' என்று நிற்கும். மறுபடி தொடங்கும்போது குரல் தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு கசட்டிலும் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: "அங்க மழ பெய்யுதா?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார், நாங்கள் பதில் சொல்வோம் என்பதுபோல. அவருடைய அம்மா மெய்யாகவே பதில் சொல்வார்.

பாலைவனத்தை அவர் பார்த்தது குளிர்காலத்தில். குவைத்தில் வசதியுள்ள குடும்பங்கள் குளிர்கால மாதங்களில் கூடாரம் அடித்து மணலில் தங்கப் போவது வழக்கம். வேலைக்காரப் பெண்களையும் சட்டி பானைகளோடு கூட்டிப் போவார்கள். அந்தக் கசட் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுடும் என்று நினைத்துக்கொண்டு போனால் ராத்திரி நுவரெலியா மாதிரிக் குளிர் என்றார். மரமே இல்லை, ஒன்றுக்குப் போக மறைவில்லை, அதுதான் பெரிய கஷ்டம் என்றார். பெண்கள் சிரித்தார்கள். நட்சத்திரம் கண்ணுக்கு மேலேயே இருக்குது, எங்கே பார்த்தாலும் இருக்குது, பயமாக இருக்குது என்றார். கூடாரத்துக்குள்ளே விரிப்பு விரித்திருக்கிறார்கள், கறுப்பும் சிவப்புமாக, மூலை மூலையாக, "நம்ம ஹேனவலப் பாய் மாதிரியே இருக்கு, தொட்டுப் பாத்தேன், இது மயிரு." வீட்டு மாமா (எஜமானியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் பாட்டி நெய்தது என்று காட்டினாளாம். பிறகு கசட்டில் வெறும் காற்றுச் சத்தம். மைக்கை வெளியே நீட்டியிருக்கிறார், நாங்கள் கேட்கட்டும் என்று. எந்தக் கலைப்பள்ளியிலும் படிக்காத ஒருவர் தும்பறை நாரையும் பெதுவின் ரோமத்தையும் விரலால் ஒப்பிட்டுச் சொன்ன அந்தக் குறிப்பை இது சம்பந்தமாக நான் பிறகு படித்த எந்தக் கட்டுரையிலும் காணவில்லை.

அந்தக் கசட்டுகள் என்னாயின? சில, மேலே சினிமாப் பாட்டுப் பதிந்து போயின. மிச்சம் அலுமாரி மூலையிலும் அரிசி டின்னிலும் கிடக்கின்றன. மலை ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. குவைத்து வெயிலிலேயே இருந்திருந்தால் கெட்டிருக்காது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போய் நாட்டார் பாடல்களைக் கேட்டு எழுதி வைத்ததால்தான் கோப்பிக் காலத்து நடையின் குரல் கொஞ்சமாவது நம்மிடம் இருக்கிறது. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர், வேறு வேலை இல்லாதவரில்லை. கசட்டுகளுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. வட்ஸ்அப் வந்தபின் குரல்பதிவுகள் போன் மாறும்போதே அழிந்துவிடுகின்றன, அவற்றைத் தேட அலுமாரிகூட கிடையாது. பூஞ்சணத்தைத் துடைத்து நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் வேலை தெரிந்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அகத்திணையில் ஆய்வு செய்ய தலைப்புக் கிடைக்கவில்லை என்று பேராதனையில் அலுத்துக்கொள்ளும் மாணவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். பேராதனையிலிருந்து இங்கே வரக் கண்டியில் ஒரு பஸ் மாறினால் போதும்.